சென்னையில் சர்வதேச உறவுகள் படிக்க வருகிறீர்களா? எங்கே சேர்வது, எதிலிருந்து தொடங்குவது

பிளஸ் டூ முடித்த கையோடோ, பி.எஸ்சி., பி.காம். என்று ஏதோ ஒன்றை முடித்த பிறகோ, "சர்வதேச உறவுகள் படிக்கப் போறேன்" என்று வீட்டில் சொன்னால் வரும் முதல் கேள்வி, "அதுக்கு டெல்லிக்குல்ல போகணும்?" என்பதுதான். அடுத்த கேள்வி, "படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" இரண்டுக்கும் பதில் இருக்கிறது, கீழே வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டெல்லியில் வெளியுறவு அமைச்சகம் இருக்கிறது, தூதரகங்கள் இருக்கின்றன, பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, எல்லாம் சரி. ஆனால் சென்னையிலிருந்து இந்தப் பாடத்தைப் படிக்கிறவருக்கு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கடல் எல்லை இருக்கிறது, அந்த எல்லையால் அன்றாடம் பாதிக்கப்படுகிற மக்கள் இருக்கிறார்கள், பக்கத்து நாட்டின் அரசு ஆவணங்களையே சொந்த மொழியில் படிக்கும் வசதி இருக்கிறது. இதைப் பயன்படுத்தாமல் மூன்று வருடம் பாடப்புத்தகக் குறிப்புகளை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கே, எந்தப் பெயரில் சேர்வது

இந்தப் பாடம் ஒரே பெயரில் எல்லா இடத்திலும் இருக்காது. இளங்கலையில் பெரும்பாலும் அரசியல் அறிவியல் என்ற பெயரில்தான் இருக்கும், அதற்குள் சர்வதேச அரசியல், இந்திய வெளியுறவுக் கொள்கை, சர்வதேச அமைப்புகள் என்று தனித்தனித் தாள்கள் வரும். மெரினாவைப் பார்த்தபடி இருக்கிற மாநிலக் கல்லூரி, தாம்பரத்தில் இருக்கிற மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி இரண்டிலும் அரசியல் அறிவியல் துறை பழையது, நல்ல பெயர் உள்ளது. பெண்களுக்கு கதீட்ரல் சாலையில் ஸ்டெல்லா மாரிஸ் இருக்கிறது, அங்கே சர்வதேச ஆய்வுகள் என்று இந்தப் பாடத்துக்கென்றே முதுகலை உண்டு. சேப்பாக்கத்தில், 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் பொது நிர்வாகத் துறை, பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வுகள் துறை, தெற்கு மற்றும் தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையம் என்று மூன்று இடங்களில் இந்தப் பாடம் வெவ்வேறு கோணத்தில் நடக்கிறது. அதனால் பட்டத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பாடத்திட்டத்தைப் பதிவிறக்கம் செய்து, எத்தனை தாள்கள் வெளியுறவு பற்றியவை, கடைசி செமஸ்டரில் ஆய்வேடு எழுத வேண்டுமா, விருப்பப் பாடங்கள் எவை என்று பாருங்கள். என்னைக் கேட்டால், ஆய்வேடு கட்டாயமாக இருக்கிற படிப்பே மேல். பிறகு எங்கே விண்ணப்பித்தாலும் நீங்களே எழுதியது என்று காட்ட ஒன்று கையில் இருக்கும்.

விண்ணப்பிக்கும் முறையும் இடத்துக்கு இடம் மாறும். அரசு கலைக் கல்லூரிகளில் இளங்கலைக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பித்துக் கல்லூரிகளை வரிசைப்படுத்தலாம், பிளஸ் டூ ரிசல்ட் வருகிற நாட்களிலேயே அது திறந்துவிடும். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு அந்தந்தக் கல்லூரியின் தளத்தில் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இங்கே புதியவர்கள் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் உண்டு. ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் எய்டட் பிரிவு என்றும் உதவி இல்லாத செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவு என்றும் இரண்டு இருக்கும், கட்டணத்தில் பெரிய வித்தியாசம் வரும். எந்தப் பிரிவுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து வந்தவர் என்றால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் முதல் வாரமே கேளுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

வேலையில் இருக்கிறவர், குடும்பப் பொறுப்பு இருக்கிறவர் என்றால், இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. அரசியல் அறிவியல் நல்ல வழி. அதில் சர்வதேச உறவுகளுக்கென்று முழுத் தாளே இருக்கிறது. அதன் பாடநூல்கள் எல்லாம் இக்யான்கோஷ் தளத்தில் இலவசம். அங்கே சேராவிட்டாலும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், எந்தக் கல்லூரியில் படித்தாலும் உதவும்.

தங்குவது, படிப்பது

வெளியூரிலிருந்து வந்து சேப்பாக்கத்தில் படிக்கிறவர்களுக்குத் திருவல்லிக்கேணிதான் வசதி. பழைய மேன்ஷன்கள், மெஸ்கள், நடந்தே வகுப்புக்குப் போய்விடலாம், பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகக் கடைகளும் இருக்கின்றன. அறை சின்னது, வெயில் காலத்தில் கஷ்டம், அதனால் படிப்பதை நூலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டல் கிடைத்தால் அதை விட வேண்டாம். பெண்களுக்கு ஹாஸ்டல் இல்லையென்றால் பேயிங் கெஸ்ட் விடுதியை நேரில் போய்ப் பார்த்து, இரவு எத்தனை மணிக்குக் கேட்டைப் பூட்டுவார்கள் என்பதையும் கேட்டுக்கொண்டே முன்பணம் கொடுங்கள். மாலை நேரச் சொற்பொழிவுகளுக்குப் போய்விட்டுத் திரும்ப வேண்டியிருக்கும், அதனால் சொல்கிறேன்.

நூலகம் என்று பார்த்தால் இந்த ஊரில் குறையே இல்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இல் திறந்தது, பறக்கும் ரயிலில் இறங்கி நடக்கிற தூரம்தான், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவும் இடம் இருக்கிறது. எழும்பூர் கன்னிமாரா 1896இல் திறந்த நூலகம். இந்தியாவில் வெளியாகிற ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பிரதி சட்டப்படி வந்து சேர வேண்டிய நூலகங்களில் அதுவும் ஒன்று, ஆகவே வேறெங்கும் அகப்படாத பழைய புத்தகத்தை முதலில் அங்கேதான் தேட வேண்டும். தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் எழும்பூரில்தான், முதுகலை ஆய்வேடு வருகிறபோது அது தேவைப்படும். மெட்ராஸ் மாகாணத்திலிருந்து இலங்கைக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் தொழிலாளர்கள் போன கதையை எழுத நினைத்தால் அந்தக் காகிதங்களைப் பார்க்காமல் முடியாது.

முதல் செமஸ்டரில் ஒரே ஒரு விவகாரத்தைப் பிடியுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி. சேர்ந்த புதிதில் எல்லோரும் உலகம் முழுவதையும் ஒரே மூச்சில் தெரிந்துகொள்ளப் பார்ப்பார்கள். காலையில் உக்ரைன், மத்தியானம் தைவான், ராத்திரி காஸா. எல்லாவற்றிலும் ஒரு கருத்து இருக்கும், எதிலும் ஒரு ஆவணத்தைக்கூட முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரே ஒரு விவகாரத்தை எடுத்துக்கொண்டு அடிமட்டம் வரைக்கும் போய்ப் பாருங்கள். எப்படிச் செய்வது என்று காட்டுவதற்குக் கச்சத்தீவை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம்மில் எல்லோருக்கும் அதைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது, அதை இலங்கையின் பக்கம் வைத்து எல்லை வகுத்த ஒப்பந்தத்தைப் படித்தவர்கள் மிகக் குறைவு.

முதல் வேலை, மூல ஆவணத்தைத் தேடுவது. வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் இந்தியா செய்துகொண்ட ஒப்பந்தங்களின் தொகுப்பு இருக்கிறது. நாடு இலங்கை, ஆண்டு 1974 என்று தேடுங்கள். ஜூன் 1974இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தம் சில பக்கம்தான். அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். படிக்கும்போது ஐந்தாவது, ஆறாவது பிரிவுகளில் நில்லுங்கள். இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய் வரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ இலங்கை கேட்காது என்கிறது ஐந்தாவது பிரிவு. இரு நாட்டுப் படகுகளும் மற்ற நாட்டின் கடலில் பாரம்பரியமாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது ஆறாவது. இதை மட்டும் படித்தவர், "அப்போ மீன்பிடி உரிமையும் இருக்குதானே?" என்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது.

அடுத்து 1976க்குப் போங்கள். அந்த ஆண்டு மார்ச்சில் மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுக்கிற இன்னொரு ஒப்பந்தம் வந்தது, கூடவே இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். தனிப் பொருளாதார மண்டலங்கள், அதாவது கடல்வளத்தில் ஒரு நாட்டுக்கு மட்டும் உரிமையுள்ள கடல் பகுதிகள், வந்த பிறகு, வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று அந்தக் கடிதத்தில் இருக்கிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் மீன்வளப் பகுதி இந்தியாவுக்கு வந்ததும் இதே ஏற்பாட்டில்தான். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பின்னால் வந்த கடிதம் முன்னால் வந்த ஆறாவது பிரிவை என்ன செய்கிறது? தீவுக்குப் போய் வலை உலர்த்தலாம், ஓய்வெடுக்கலாம், அந்தோணியார் திருவிழாவுக்குப் போகலாம் என்பதற்கும், சுற்றியுள்ள கடலில் மீன்பிடிக்கலாம் என்பதற்கும் நடுவில் இருக்கிற கோடு எங்கே? இந்தக் கேள்விகளை நீங்களே எழுப்பி, நீங்களே பதில் தேடினால் ஒப்பந்தச் சட்டம் என்கிற தாளில் பாதி முடிந்த மாதிரி.

மூன்றாவது, நாடாளுமன்றக் கேள்வி பதில்கள். மக்களவை, மாநிலங்களவைத் தளங்களில் வெளியுறவு அமைச்சகத்துக்கு வந்த கேள்விகளை ஆண்டுவாரியாகத் தேடலாம். தமிழக உறுப்பினர்கள் கச்சத்தீவு பற்றியும் மீனவர் கைது பற்றியும் கேட்டவை குவிந்து கிடக்கின்றன. எந்த ஆட்சியில் என்ன பதில் சொன்னார்கள், வாசகம் எங்கே மாறியது, எங்கே மாறவே இல்லை என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள். மேடையில் ஒரு மாதிரியும் எழுத்தில் வேறு மாதிரியும் பேசப்படுவது அப்போது தானாகத் தெரியும். உச்ச நீதிமன்றத்தில் 2008இல் ஜெயலலிதாவும் 2013இல் கருணாநிதியும் தொடுத்த வழக்குகள், அவற்றுக்கு மத்திய அரசு சொன்ன பதில்கள், இவையும் இதே வரிசையில் வரும்.

நான்காவது வேலையைத்தான் பலரும் செய்யாமல் விடுகிறார்கள். அது, எதிர்ப்பக்கத்து மனிதர்களைக் கேட்பது. பாக் நீரிணையின் அந்தக் கரையில் மீன்பிடிக்கிறவர்களும் தமிழர்கள்தான், யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் சேர்ந்தவர்கள், போர்க்காலம் முழுக்கக் கடலுக்குப் போக முடியாமல் கிடந்தவர்கள். நம் பக்கத்து விசைப்படகுகளின் இழுவை மடி (கடலடியோடு இழுத்துப் போகிற வலை) தங்கள் வலைகளை அறுக்கிறது, கடலடியை நாசமாக்குகிறது என்பது அவர்கள் முறையீடு. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது. நம் பக்கத்தில் ராமேஸ்வரத்திலும் நாகப்பட்டினத்திலும் கைதாகிறவர்களின் வீடுகளில் நடப்பதும் உண்மை, பறிமுதலான படகின் மேல் இருக்கிற கடனும் உண்மை. இரண்டையும் சேர்த்து எழுதத் தெரிந்தவர்தான் இந்தப் பாடத்தைப் படித்தவர். ஒரு பக்கத்தை மட்டும் எழுத இந்தப் படிப்பே தேவையில்லை.

கச்சத்தீவுதான் வேண்டும் என்றில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை எடுக்கலாம். மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்றுக்கொள்வது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று மனிதர்களைத் தொகையாகப் பிரித்த ஒப்பந்தம் அது. அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுத்த அரசுத் தேயிலைத் தோட்டங்களான டேன்டீ தோட்டங்களுக்கு, நீலகிரியில் போனால் அதன் விளைவை நேரில் பார்க்கலாம். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களை எடுக்கலாம்: 1983 குடியேற்றச் சட்டம், பத்தாம் வகுப்பு முடிக்காதவருக்குக் குடியேற்ற அனுமதி தேவை என்று குறித்த ஈ.சி.ஆர். பாஸ்போர்ட், அவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி வாங்க வேண்டிய நிலை, இந்த வேலைக்கென்று சென்னையிலேயே இருக்கிற குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகம். உங்கள் ஊரில் வளைகுடா போய்த் திரும்பிய ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். அவரிடம் ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுத்தார், அங்கே போனதும் பாஸ்போர்ட் யாரிடம் இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். பர்மா பஜாரும் ஒரு பாடம்தான், 1960களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களின் வாழ்க்கை அது.

தமிழ் தெரிந்ததை மறைக்காதீர்கள்

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் முதல் வருடம் கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், எழுத வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை, இந்தப் பாடத்தின் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தினமும் ஆங்கில நாளிதழின் வெளியுறவுச் செய்தி ஒன்றை எடுத்து, அகராதி பார்த்து, அதே செய்தியைத் தமிழில் ஒரு பத்தியாக எழுதுங்கள். சில மாதம் விடாமல் செய்தால் இரண்டு மொழியுமே கைக்குள் வரும். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பிளஸ் ஒன், பிளஸ் டூ அரசியல் அறிவியல் நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன, இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படித்தால் கலைச்சொற்கள் பழகிவிடும்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். தமிழ் இலங்கையில் ஆட்சிமொழி, சிங்கப்பூரில் ஆட்சிமொழிகளில் ஒன்று. இலங்கை நாடாளுமன்றத்தின் மசோதாக்களும் அரசின் வர்த்தமானியும் தமிழிலேயே வருகின்றன. கொழும்பின் வீரகேசரி 1930இலிருந்து வருகிறது, யாழ்ப்பாணத்தில் உதயன் இருக்கிறது, சிங்கப்பூரில் 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இருக்கிறது, மலேசியாவில் தமிழ் நாளிதழ்கள் இருக்கின்றன. ஒரு வெளிநாட்டைப் பற்றி அந்த நாட்டு மக்களே தங்களுக்குள் பேசிக்கொள்வதை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் படிக்க மற்றவர்கள் வருடக்கணக்கில் மொழி கற்க வேண்டும். உங்களுக்கு அது வீட்டிலேயே கிடைத்திருக்கிறது. ஆய்வேட்டில் இந்த மூலங்களை மேற்கோள் காட்டுங்கள், தமிழ் மூலம் என்று தயங்க வேண்டாம். இலங்கைத் தமிழ்ச் செய்தி மட்டும் படித்தால் பாதிப் படம்தான் கிடைக்கும், சிங்களப் பக்கமும் தெரிய வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் இன்னொரு மொழி. நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸும் கோதே இன்ஸ்டிட்யூட்டும் பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளுக்கு இருக்கின்றன, ஜப்பானிய மொழிக்கு ஏ.பி.கே–ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய், ரஷ்ய மொழிக்கு ஆழ்வார்ப்பேட்டையில் ரஷ்யக் கலாசார மையம். எதை எடுப்பது என்று கேட்டால், எந்த நாட்டைப் பற்றி எழுத ஆசையோ அந்த நாட்டு மொழியை எடுங்கள் என்பேன். வேலைக்காக மட்டும் ஒரு மொழியைத் தொடங்குகிறவர்கள் இரண்டாவது நிலையிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இலங்கை பற்றி ஆழமாகப் போக நினைப்பவர் சிங்களம் கற்றால் இந்தியாவில் அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் இருப்பார்கள்.

தியரி பற்றிக் கொஞ்சம்

யதார்த்தவாதம், தாராளவாதம், கட்டமைப்புவாதம் (கன்ஸ்ட்ரக்டிவிசம்) என்று இரண்டாவது மாதமே தலை சுற்றும். பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கோட்பாட்டையும் நீங்கள் எடுத்துக்கொண்ட அந்த ஒரு விவகாரத்தின் மேல் வைத்துப் பாருங்கள். யதார்த்தவாதி, 1974இல் இந்தியா ஒரு சின்னத் தீவை விட்டுக்கொடுத்தது இந்தியப் பெருங்கடலில் இலங்கையைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளத்தான் என்பார். தாராளவாதி, எல்லை தெளிவானால் சண்டை குறையும், ஒப்பந்தங்களும் கூட்டுப் பணிக்குழுக்களும் வேலை செய்யும் என்பார். கட்டமைப்புவாதி, அந்தத் தீவு யாருடையது என்பதைவிடத் தமிழகத்தில் அது எப்படி ஓர் இழப்பின் அடையாளமாக ஆனது என்று கேட்பார். இப்படி மூன்று பத்தி எழுதிப் பாருங்கள், பரீட்சைக்கு வேறு தயாரிப்பே வேண்டாம். இதோடு, 1945இன் ஐ.நா. சாசனத்தைக் கட்டாயம் ஒருமுறை முழுசாகப் படியுங்கள். மொத்தம் 111 பிரிவுகள், பெரும்பாலானவை சின்னச் சின்னவை.

ஊரைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்

ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் காலையில் போனால் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு வெளியே ஃபைலும் கையுமாக நிற்கிறவர்களைப் பார்க்கலாம். மகனோடு வந்த அப்பா, வாய்க்குள் பதிலை ஒப்பித்துப் பார்க்கிற பெண், பாஸ்போர்ட்டை மூன்றாவது தடவை திறந்து பார்க்கிற பெரியவர். விசாக் கொள்கை என்று புத்தகத்தில் படிப்பது இவர்களுக்கு நடப்பதுதான். ஒரு நாள் அங்கே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்து படித்தால் அந்தப் பாடம் வேறு மாதிரி புரியும். பிரிட்டன், இலங்கை, ஜப்பான், ஜெர்மனி, ரஷ்யா, சிங்கப்பூர், மலேசியா, தென்கொரியா, ஆஸ்திரேலியா என்று இந்த ஊரில் தூதரக அலுவலகம் வைத்திருக்கிற நாடுகள் நிறைய. நம் வெளியுறவு அமைச்சகத்துக்கே இங்கே ஒரு கிளைச் செயலகம் இருக்கிறது. தூதரகங்கள் நடத்துகிற கருத்தரங்கு, திரைப்பட விழா, புத்தக நிகழ்ச்சி எல்லாம் பெரும்பாலும் இலவசம், முன்பதிவும் அடையாள அட்டையும் கேட்பார்கள். அமெரிக்கன் சென்டரின் நூலகத்தில் உறுப்பினராகலாம்.

சென்னைச் சீன ஆய்வு மையம் போன்ற அமைப்புகள் மாணவர்களை இன்டர்ன்களாக எடுப்பதுண்டு. விண்ணப்பிக்கும்போது தற்குறிப்போடு நீங்கள் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள், அதைத்தான் பார்ப்பார்கள். அகதிகள் விஷயத்தில் ஆர்வம் என்றால் ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது, ஈழ அகதிகள் மறுவாழ்வுக் கழகம் 1984இலிருந்து இங்கே வேலை செய்கிறது. முகாம்களுக்குப் போக அனுமதி வேண்டும், துறைத்தலைவர் கடிதத்தோடு முறையாகப் போங்கள். அங்கே இருப்பவர்களிடம் கேள்விப் பட்டியலை நீட்டுவதற்கு முன்னால் நீங்கள் யார், எதற்கு எழுதுகிறீர்கள், அவர்கள் பெயர் வருமா வராதா என்பதைச் சொல்லிவிடுங்கள். இது மரியாதை மட்டுமில்லை, அவர்களுடைய பாதுகாப்பும்கூட.

மாணவர்கள் நாடுகளின் பிரதிநிதிகளாக நடித்து விவாதிக்கிற மாதிரி ஐ.நா. போட்டிகள் பற்றியும் கேட்பீர்கள். மேடைக் கூச்சம் போகும், தீர்மானம் எப்படி எழுதுவது என்று தெரியும், அந்த அளவுக்கு நல்லது. ஒன்றிரண்டு போதும். கட்டணம் கட்டி, கோட் வாங்கி, வாராவாரம் போகிறவர்களுக்குச் சான்றிதழ் சேருமே ஒழியப் படிப்பு சேராது.

இந்த நகரத்தின் சுவரிலேயே பாடம் இருக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்கிற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுவிட்டுப் போனது, உயர் நீதிமன்ற வளாகத்தில் அதற்கு நினைவுக் கல் இருக்கிறது. 2019 அக்டோபரில் மோதியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தது மாமல்லபுரத்தில். கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

டெல்லி எப்போது

முதுகலைக்கோ ஆராய்ச்சிக்கோ டெல்லி போவது நல்லதுதான், போங்கள். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சர்வதேச ஆய்வுகள் பள்ளி 1955இல் சப்ரு ஹவுஸில் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வந்தது, 1970இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கே முதுகலைக்கு க்யூட் பி.ஜி. என்கிற பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும், அதைச் சென்னையிலேயே எழுதலாம். சார்க் நாடுகள் சேர்ந்து தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகத்திலும் சர்வதேச உறவுகள் முதுகலை இருக்கிறது, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை பற்றிய பாடங்களை அந்தந்த நாட்டு மாணவர்களோடு சேர்ந்து படிப்பதற்காகவே அமைந்த இடம். ஜாமியா மில்லியாவையும் பாருங்கள். விண்ணப்பிக்கும் வருடம் அக்டோபரிலிருந்தே அறிவிப்புகளைக் கவனியுங்கள். ஓ.பி.சி. சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில், நடப்பு நிதியாண்டுக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மாநிலச் சான்றிதழை அங்கே ஏற்க மாட்டார்கள், கடைசி நேரத்தில் தாலுகா ஆபீஸுக்கு ஓடுகிற நிலை வேண்டாம். குளிருக்கு இங்கிருந்தே ஸ்வெட்டர் வாங்க வேண்டியதில்லை, அங்கே மலிவு.

இந்தி தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்கு: வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், கடைத்தெரு இந்தி ஒரு செமஸ்டரில் வந்துவிடும். சென்னையில் ஒரு விவகாரத்தை ஆழமாகப் படித்துவிட்டுப் போயிருந்தால் அங்கே உங்கள் பேச்சுக்குத் தனி மதிப்பு இருக்கும், ஏனென்றால் தெற்கிலிருந்து பார்க்கிற பார்வை அந்த வகுப்பறைகளில் குறைவு.

என்ன வேலை

உள்ளதைச் சொல்கிறேன். இந்திய வெளியுறவுப் பணிக்கு வழி குடிமைப் பணித் தேர்வுதான், எந்தப் பட்டம் இருந்தாலும் எழுதலாம், முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் விருப்பப் பாடமாக இருக்கிறது, இரண்டு தாள், 500 மதிப்பெண். படித்தது நேரடியாக உதவும், ஆனால் இடங்கள் மிகக் குறைவு, அதனால் அதை மட்டுமே நம்பி இருக்காதீர்கள். நான் முதல்வன் திட்டத்தில் தேர்வு வைத்து 1,000 பேருக்கு முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் கொடுக்கிறார்கள், அந்தத் தேர்வையும் எழுதிப் பாருங்கள்.

கற்பிக்க விருப்பம் என்றால் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு. அதில் அரசியல் அறிவியல் தவிர, சர்வதேச மற்றும் பிராந்திய ஆய்வுகள் என்று தனிப் பாடமும் இருக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சிக் காலத்தில் பணக் கவலை பெரிய அளவில் தீரும். பத்திரிகை வேலைக்கு உலகச் செய்தியைப் புரிந்து தமிழில் தெளிவாக எழுதத் தெரிந்த ஆள் எப்போதும் தேவைப்படுகிறார். ஆய்வு நிறுவனங்களில் ஆரம்பச் சம்பளம் குறைவு, அதை மனதில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

பலரும் யோசிக்காத இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துணைத் தூதரகங்களே உள்ளூர் ஆட்களை எடுக்கின்றன, விசாப் பிரிவு மட்டுமில்லை, அரசியல், பொருளாதாரம், கலாசாரம், ஊடகம் என்று எல்லாப் பிரிவுகளுக்கும். அறிவிப்பு அவரவர் தளத்தில் வரும், நல்ல ஆங்கிலமும் நல்ல தமிழும் தெரிந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். இன்னொன்று ஏற்றுமதி, கப்பல், வாகன நிறுவனங்கள். தடைகள், சுங்க விதிகள், வர்த்தக ஒப்பந்தங்கள் பற்றிப் படித்துப் புரிந்து சொல்லக்கூடியவர்கள் அங்கே வேண்டும். அதற்கு உலக வர்த்தக அமைப்பு பற்றிய தாளை ஒப்புக்குப் படிக்காமல் ஊன்றிப் படித்திருக்க வேண்டும்.

வெளிநாட்டில் மேற்படிப்பு என்றால் பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு முதலில் இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்–நேரு, ஜெர்மனிக்கு டாட் (DAAD) உதவித்தொகைகள் இருக்கின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கடைசி வாரத்தில் போய் நின்றால் ஆசிரியர் நாலு வரி எழுதிக் கொடுப்பார். இரண்டாம் வருடத்திலிருந்தே உங்கள் கட்டுரைகளை ஓர் ஆசிரியரிடம் தொடர்ந்து காட்டி வாருங்கள், உங்கள் எழுத்தைப் படித்தவர்தான் உங்களைப் பற்றி எழுத முடியும். கடிதம் கேட்கும்போது உங்கள் தற்குறிப்பு, மதிப்பெண் பட்டியல், விண்ணப்பத்தின் கடைசித் தேதி மூன்றையும் ஒரே மின்னஞ்சலில், ஒரு மாதம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.